"பார்ட்ஸ் கிடைக்காது சார்!" தாத்தாவின் பழைய வாட்ச்சை மறுபடி ஓட வைக்க முடியுமா? உதிரிபாகம் தேடுவது எப்படி?

பீரோவின் அடித்தட்டில், பழைய பாஸ்புக்குக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவே ஒரு கைக்கடிகாரம் கிடக்கும். தாத்தா கட்டியது, அல்லது அப்பா முதல் சம்பளத்தில் வாங்கியது. சாவி கொடுத்தால் நாலு நிமிஷம் ஓடி நின்றுவிடும். சிலது அசையவே அசையாது. கடைக்கு எடுத்துப் போனால் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பார்ட்ஸ் கிடைக்காது சார். வேணும்னா உள்ளே பேட்டரி மெஷின் போட்டுத் தர்றேன்" என்கிறார்கள்.

பல நல்ல வாட்ச்களின் கதை இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. பேட்டரி மெஷின் உள்ளே போகும், பழைய மெஷின் குப்பைக்குப் போகும். அதன்பிறகு அது தாத்தா வாட்ச்சின் கூடு மட்டும்தான்.

"பார்ட்ஸ் கிடைக்காது" என்பது பாதி உண்மை. அந்தப் பெயரில் வாட்ச் செய்த கம்பெனியிடம் கிடைக்காது என்பது பெரும்பாலும் சரி. உலகத்திலேயே கிடைக்காது என்று அதற்கு அர்த்தம் இல்லை. எந்தப் பெயரைச் சொல்லித் தேடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கம்பெனிக்காரர்களிடமே ஏன் இல்லை?

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சைக்கோ நிறுவனம் 'அஸ்ட்ரான்' என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி வேண்டாம், பேட்டரி போதும், நேரமும் பிசகாது. அடுத்த 15 ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் வாட்ச் தொழில் ஆட்டம் கண்டது. 1970 வாக்கில் சுமார் 90 ஆயிரம் பேர் வேலை பார்த்த தொழில் அது. 1980களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பேர்தான் மிஞ்சினார்கள். மூடிய ஆலைகளில் இருந்த அச்சுகளும் வெட்டும் கருவிகளும் பழைய இரும்பு விலைக்குப் போயின. கருவி போய்விட்டால் அந்த பார்ட்டை மறுபடி பண்ண முடியாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வாட்ச் பிரியர்கள் அலுக்காமல் சொல்லும் கதை அது. 1975-ல் ஜெனித் நிறுவனத்தை அமெரிக்க முதலாளிகள் நடத்திக்கொண்டிருந்தார்கள். இனி குவார்ட்ஸ் மட்டும்தான், 'எல் பிரிமெரோ' என்ற மெக்கானிக்கல் மெஷின் செய்யும் கருவிகளை விற்றுவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. சார்ல் வெர்மோ என்ற ஊழியர் கேட்கவில்லை. கருவிகளையும் வரைபடங்களையும் லெ லோக்கிள் ஊர் ஆலையின் பரணில் கொண்டுபோய் மறைத்து, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்தார். 1980களில் மெக்கானிக்கல் வாட்ச்சுக்கு மறுபடி மவுசு வந்தபோது அந்தப் பரண்தான் கம்பெனியைக் காப்பாற்றியது. 1988-ல் வந்த ரோலெக்ஸ் டேடோனாவுக்குள் ஓடியது அந்த எல் பிரிமெரோவை அடிப்படையாகக் கொண்ட மெஷின்தான். மற்ற ஆலைகளில் எல்லாம் இப்படி ஒரு ஆள் இல்லை.

நம்ம ஊர் கதையும் கிட்டத்தட்ட இதேதான். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961-ல் பெங்களூருவில் எச்எம்டி வாட்ச் ஆலை தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, கோகினூர் என்று ஒரு தலைமுறையின் கையில் எச்எம்டிதான் இருந்தது. பிறகு ஓசூரில் டைட்டன் ஆலை வந்தது, குவார்ட்ஸ் வாட்ச் கல்யாணப் பரிசானது, சாவி கொடுக்கிற வாட்ச் பீரோவுக்குள் போனது. 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இன்றும் நடக்கிற பெரிய கம்பெனிகளிடம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பார்ட்ஸ் இருந்தாலும் வெளியில் தர மாட்டார்கள். ஒமேகா, டிசோ, லாஞ்ஜின் எல்லாம் இருக்கும் ஸ்வாட்ச் குழுமம், வெளி மொத்த வியாபாரிகளுக்கு உதிரிபாகம் கொடுப்பதை 2015 இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்தது. ரோலெக்ஸும் தன் அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் தரும். இது நியாயமா என்று ஐரோப்பாவின் தனி வாட்ச் மெக்கானிக்குகள் ஐரோப்பிய ஆணையத்திடம் போனார்கள். 2014-ல் ஆணையம் புகாரைத் தள்ளுபடி செய்தது, 2017-ல் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆக, தெருமுனைக் கடைக்காரர் 'கிடைக்காது' என்றால் அது அவருடைய சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. அவருக்கு வழியை அடைத்திருக்கிறார்கள்.

டயலில் இருக்கிற பெயரை விடுங்க, மெஷினைப் பாருங்க

இனிதான் முக்கியமான விஷயம். பழைய சுவிஸ் வாட்ச்களில் டயலில் பெயர் போட்ட கம்பெனி வேறு, உள்ளே ஓடும் மெஷினைச் செய்த கம்பெனி வேறு. நூற்றுக்கணக்கான பிராண்டுகள் மெஷினை வெளியில் வாங்கி, தங்கள் டயலையும் கேஸையும் போட்டு விற்றன. மெஷின் செய்து கொடுத்தவர்கள் ஒரு சிலர்தான்: ஏ. ஷில்ட், எஃப்எச்எஃப், பெசூ, யூனிடாஸ், வால்ஷு, ஃபெல்சா, எட்டா. ரிப்பேர்க்காரர்கள் 'ஏஎஸ் மெஷின்' என்று சொல்வது இந்த ஏ. ஷில்ட் தயாரிப்பைத்தான்.

அதனால் யாரும் கேள்விப்படாத பெயர் கொண்ட ஒரு அபூர்வ வாட்ச்சுக்குள் ஓடுவது, அதே காலத்தில் லட்சக்கணக்கில் வந்த சாதாரண மெஷினாக இருக்கலாம். பிராண்ட் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. மெஷின் எண்ணைப் போட்டுத் தேடினால் பார்ட்ஸ் வந்து கொட்டும். இந்த எண்ணுக்கு 'கேலிபர்' என்று பெயர். வண்டிக்கு இன்ஜின் மாடல் மாதிரி.

எண் எங்கே இருக்கும்? பின்மூடியைத் திறந்தால் வேகமாக இப்படியும் அப்படியும் ஆடும் ஒரு சக்கரம் தெரியும். அதுதான் பேலன்ஸ் வீல். அதன் அடியில், தட்டில், பொடி எழுத்தில் ஒரு சின்ன முத்திரையும் ஒரு எண்ணும் இருக்கும். 'ஏஎஸ்' என்ற முத்திரையும் 1130 என்ற எண்ணும் இருந்தால் அது ஏஎஸ் 1130. லென்ஸும் சாய்வான வெளிச்சமும் இல்லாமல் இதைப் பார்ப்பது கஷ்டம். செல்போன் கேமராவில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். மூடியில் பொறித்திருக்கும் நீளமான எண் கேஸைப் பற்றியது. அதை வைத்து மெஷின் பார்ட்ஸ் தேடி ஏமாறுகிறவர்கள் நிறைய.

சில மெஷின்களில் பேலன்ஸ் அடியில் எண்ணே இருக்காது. சில கம்பெனிகள் அதை டயலுக்கு அடியில் போட்டிருக்கும். சிலது போடவே போடாது. அப்போது இரண்டு அடையாளம் உதவும். ஒன்று, மெஷினின் குறுக்களவு. வாட்ச் உலகத்தில் இதை 'லீன்' என்ற பழைய பிரெஞ்சு அளவில் சொல்வார்கள். ஒரு லீன் 2.256 மில்லிமீட்டர், பத்தரை லீன் மெஷின் என்றால் சுமார் 23.7 மில்லிமீட்டர். இரண்டாவது, டயலைக் கழற்றினால் தெரியும் சாவி அமைப்பு. சாவிக் குமிழை இழுத்தால் முள் திருப்பும் நிலைக்கு மாற்றும் அந்தச் சின்ன நெம்புகோலும் ஸ்பிரிங் தகடும் ஒவ்வொரு மெஷினிலும் வேறு வேறு வடிவம். கைரேகை மாதிரி. கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே அமெரிக்காவின் 'பெஸ்ட்ஃபிட்', ஜெர்மனியின் 'ஃப்ளூமே' போன்ற பட்டியல் புத்தகங்கள் இந்த வடிவங்களைப் படமாகப் போட்டு மெஷினை அடையாளம் காட்டின. இன்றும் அந்தப் புத்தகங்களின் ஸ்கேன் பிரதிகளும், 'ரான்ஃப்ட்' போன்ற இணையத் தகவல் தொகுப்புகளும்தான் ரிப்பேர்க்காரர்களின் வேதம்.

கேலிபர் தெரிந்துவிட்டால் அடுத்த வேலை எளிது. சுவிஸ் தொழிலில் ஒவ்வொரு பாகத்துக்கும் பொது எண் இருக்கிறது. சாவிக் கம்பி 401. பேலன்ஸ் வீலின் அச்சு 723. மெயின் ஸ்பிரிங் 770. சாவிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் நெம்புகோல் 443, அதை அழுத்தும் ஸ்பிரிங் தகடு 445. பெரும்பாலான சுவிஸ் மெஷின்களில் இந்த எண்கள் மாறாது. ஜெர்மனியில் இருக்கிற வியாபாரிக்கு மொழியே தெரியாமல் 'ஏஎஸ் 1130, 445' என்று எழுதினால் போதும், எது வேண்டும் என்று அவருக்குப் புரியும். ஜப்பான் கம்பெனிகளின் எண் முறை வேறு.

எது சுலபம், எது தலைவலி?

கண்ணாடியைப் பற்றிக் கவலையே வேண்டாம். பழைய வாட்ச்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கண்ணாடிதான், அளவு பார்த்து மாற்றிவிடலாம். வார், வார்க் கம்பி, சாவிக் குமிழ் எல்லாம் இதே ரகம். குமிழில் கம்பெனி முத்திரை இருந்தால் மட்டும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

மெயின் ஸ்பிரிங் உடைந்தால் பயப்படுகிறவர்கள் அதிகம். உண்மையில் மெஷின் பாகங்களிலேயே சுலபமாகக் கிடைப்பது அதுதான். கேலிபருக்கான ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் அகலம், கனம், நீளம், டப்பாவின் விட்டம் ஆகிய நாலு அளவைச் சொன்னால் பொருத்தமான புது ஸ்பிரிங் வாங்கலாம். இந்த அளவுகளை வைத்தே ஸ்பிரிங் தயாரித்து விற்கும் சுவிஸ் நிறுவனங்கள் இப்போதும் இருக்கின்றன. புது ஸ்பிரிங் பழைய எஃகு ஸ்பிரிங்கை விட நீண்ட நாள் உழைக்கும்.

சாவியை இழுத்தால் கம்பியோடு கையில் வந்துவிடுகிறதா? 443 தளர்ந்திருக்கலாம். இழுத்தால் 'டக்' என்று நிற்காமல் கொழகொழ என்று போகிறதா? 445 தகடு உடைந்திருக்கலாம். மெல்லிய தகடு என்பதால் அடிக்கடி உடையும் பாகம் இது. எல்லாருக்கும் தேவைப்படுவதால் சில கேலிபர்களில் இதற்கே பஞ்சம்.

கீழே விழுந்த வாட்ச்சில் போவது பேலன்ஸ் அச்சு, அதாவது 723. அதன் நுனி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், தலைமுடி கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1930களில் 'இன்காப்ளாக்' என்ற அதிர்ச்சி தாங்கும் அமைப்பு வந்த பிறகுதான் இந்த உடைசல் குறைந்தது. எச்எம்டி டயலில் 'பாராஷாக்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சிட்டிசனின் இதே மாதிரி அமைப்பு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே கேலிபரை அதிர்ச்சி அமைப்போடும், இல்லாமலும் விற்றிருப்பார்கள், இரண்டுக்கும் அச்சு வேறு. கேலிபர் எண்ணை மட்டும் சொல்லி 723 வாங்கினால் காசு வீண்.

அச்சு கிடைக்கவே இல்லையா? நல்ல கடைசல் கைவேலை தெரிந்தவர் எஃகுக் கம்பியில் கடைந்தே செய்துவிடுவார். சாவிக் கம்பியும் அப்படித்தான். ஆனால் பேலன்ஸ் வீலோடு ஒட்டியிருக்கும் முடிச்சுருள், அதாவது ஹேர் ஸ்பிரிங், போனால் கதை வேறு. ஒவ்வொரு சுருளும் அதனதன் சக்கரத்தின் எடைக்கு ஏற்றபடி பொருத்தப்பட்டது. சுருளை மட்டும் மாற்றுவது பெரிய வேலை. சக்கரம், அச்சு, சுருள் எல்லாம் சேர்ந்த 721 என்ற முழு செட்டாகத்தான் தேட வேண்டும். 'எல்லாத்தையும் இப்போ 3டி பிரிண்டரில் பண்ணலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. கேஸுக்குள் மெஷின் ஆடாமல் இருக்க ஒரு வளையம் வேண்டுமானால் பண்ணலாம். பல் சக்கரத்துக்கு அது சரிப்படாது.

எல்லாவற்றையும் விடக் கஷ்டம் டயலும் முள்ளும்தான். மெஷின் நூறு பிராண்டுக்குப் பொது. டயல் அந்த ஒரு பிராண்டுக்கு, அந்த ஒரு மாடலுக்கு மட்டும். அபூர்வ வாட்ச்சில் அபூர்வம் எது என்று கேட்டால் பெரும்பாலும் அந்தத் தகரத் தட்டுதான்.

ஒன்றைப் பிரித்து ஒன்றைக் காப்பாற்றுவது

புதுசாக பார்ட் கிடைக்காதபோது இருக்கும் வழி, அதே மெஷின் உள்ள இன்னொரு வாட்ச்சை வாங்கிப் பிரிப்பது. வெளிநாட்டில் இதை 'டோனர் வாட்ச்' என்கிறார்கள், உறுப்புதானம் மாதிரி. பழைய கடைகளில் டப்பா டப்பாவாகக் கிடக்கும் ஓடாத மெஷின்களும் இதில் சேரும்.

எச்எம்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் அதிர்ஷ்டம். எச்எம்டியின் சாவி கொடுக்கும் மாடல்கள் பலவற்றில் இருப்பது ஒரே 0231 கேலிபர், 17 கல் மெஷின்தான். டயல் உடைந்த, கேஸ் துருப்பிடித்த ஒரு ஜனதாவை வாங்கினால், உங்கள் அப்பாவின் வாட்ச்சுக்கு ஒரு மெஷின் அளவு பார்ட்ஸ் கையில் இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் எச்எம்டி ரிப்பேர் பார்த்த ஒரு பெரியவர் இருப்பார், அவருடைய மேஜை டிராயரில் இன்னும் பிரிக்காத கம்பெனி பாக்கெட்டுகள் இருக்கலாம். அவர் கடையை மூடும்போது அந்த டிராயர் மொத்தமாகப் பழைய பொருள் வியாபாரியிடம் போய்விடுகிறது. கேட்பதாக இருந்தால் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

விலை உயர்ந்த வாட்ச்களில் இந்த டோனர் வேட்டை வேறு விதமாகப் போயிருக்கிறது. வால்ஷு 72 என்று ஒரு ஸ்டாப் வாட்ச் மெஷின். ரோலெக்ஸின் பழைய சாவி கொடுக்கும் டேடோனாக்களுக்கும் அதுதான் அடிப்படை, ஹோயர் கரேராவிலும் அதுதான், பெயர் தெரியாத பல சின்ன பிராண்டுகளிலும் அதேதான். 2017-ல் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த டேடோனா நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது, அதாவது 100 கோடி ரூபாய்க்கும் அதிகம். அப்படிப்பட்ட வாட்ச்சுக்கு பார்ட் வேண்டும் என்றால் சின்ன பிராண்ட் வாட்ச்சைப் பிரிக்க யார் யோசிப்பார்கள்? பிரித்துப் பிரித்தே அந்தச் சின்ன பிராண்டுகள் இப்போது அபூர்வமாகிவிட்டன.

எந்த வாட்ச்சைப் பிரிக்கலாம் என்பதில் ஒரு நியாயம் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. டயல் நன்றாக, கேஸ் நன்றாக, சர்வீஸ் செய்தால் ஓடக்கூடிய வாட்ச்சைப் பிரிப்பது சரியில்லை. ஏற்கெனவே பாதி சிதைந்ததைத் தேடுங்கள். விலையும் குறைவு.

எல்லாம் ஒரிஜினல் பார்ட்... ஆனால் வாட்ச் ஒரிஜினல் இல்லை!

2021 நவம்பரில் ஜெனிவாவில் ஃபிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், 1957-ல் அறிமுகமான முதல் ரக ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு, அதாவது சுமார் 25 கோடி ரூபாய்க்கு விலை போனது. வாங்கியதே ஒமேகாதான், தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-ல் அதே ஒமேகா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது: அது பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய ஒட்டு வாட்ச், அதில் தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்குத் தொடர்பு இருக்கிறது என்றது.

பார்ட்ஸ் தேடுகிற ஒவ்வொருவரும் இந்தச் செய்தியை நினைவில் வைக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங்கை மாற்றுவது ரிப்பேர். மெயின் ஸ்பிரிங் என்பது தேய்கிற பொருள், வண்டிக்கு டயர் மாதிரி, மாற்றினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் டயல், முள், கேஸ், மெஷின் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் இருந்து வந்தால், அது எந்த வாட்ச்? வாட்ச் உலகத்தில் இதற்கு 'ஃப்ராங்கன் வாட்ச்' என்று பெயர். சொல்லிவிட்டு விற்றால் தவறில்லை. சொல்லாமல் விற்றால் மோசடி.

இந்த விஷயத்தில் இந்தியாவுக்கு வெளிநாட்டில் நல்ல பெயர் இல்லை. இணைய விற்பனைத் தளங்களில் பளபளவென்று நீலம், பச்சை, ஆரஞ்சு டயலோடு வரும் பழைய ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், எச்எம்டி வாட்ச்களை 'மும்பை ஸ்பெஷல்' என்றே கிண்டல் செய்கிறார்கள். பழைய டயலைச் சுரண்டி, மேலே புதுசாக பெயிண்ட் அடித்து, பெயரை அச்சிட்டு விடுகிறார்கள். பார்க்க அழகு. ஆனால் கம்பெனி அப்படி ஒரு டயலைச் செய்ததே இல்லை.

கண்டுபிடிக்க முடியும். எழுத்தை லென்ஸில் பாருங்கள். ஒரிஜினல் அச்சு கூர்மையாக இருக்கும், மறுஅச்சில் ஓரம் மொழுக்கென்று பரவியிருக்கும். 6 மணிக்குக் கீழே 'சுவிஸ் மேட்' என்ற சின்ன எழுத்து இருக்க வேண்டிய மாடலில் அது காணாமல் போயிருக்கும், அல்லது நிமிடக் கோடுகளை விட்டு விலகி இருக்கும். 50 வயது வாட்ச்சில் முள் மட்டும் பழுத்து, டயல் நேற்று வந்தது போல இருந்தால் யோசிக்க வேண்டும். டயலைக் கழற்ற முடிந்தால் அடியில் பாருங்கள். டயலை மெஷினில் பிடித்து நிறுத்தும் இரண்டு மெல்லிய செம்புக் கால்கள் இருக்க வேண்டும். கால்களை வெட்டிவிட்டு பசை போட்டு ஒட்டியிருந்தால் அந்த டயல் வேறு மெஷினுடையது.

ஃபேவர் லூபாவைக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும், நம்ம வீடுகளில் எச்எம்டிக்கு முந்தின தலைமுறையின் பெருமை அது. 1962-ல் இந்த சுவிஸ் நிறுவனம் எஃப்எல் 251 என்ற மெஷினைக் கொண்டுவந்தது. ஒரு ஸ்பிரிங் டப்பாவுக்குப் பதில் இரண்டு, ஆனாலும் மெல்லிசு. அதே ஆண்டு மலையேறுபவர்களுக்கு உயரம் காட்டும் 'பிவ்வாக்' வாட்ச்சும் வந்தது. பொது மெஷினாக இல்லாமல் சொந்த மெஷின் என்பதால் எஃப்எல் 251-க்கு பார்ட் தேடுவது ஏஎஸ் மெஷினுக்குத் தேடுவது போல இருக்காது, அதே எஃப்எல் மெஷின் உள்ள டோனரைத்தான் தேட வேண்டும். 2011-ல் இந்தப் பெயரை டைட்டன் வாங்கியது, பிறகு கை மாறி இப்போது மறுபடி புது மாடல்கள் வருகின்றன. பெயரை வாங்கியவர்களிடம் 60 ஆண்டுக்கு முந்தைய பல் சக்கரம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கடையில் இருப்பது புது வாட்ச்.

பெரிய கம்பெனி மனது வைத்தால் பழைய மெஷின் திரும்பி வரலாம் என்பதற்கும் ஒமேகாவே உதாரணம். 1968 வாக்கில் நிறுத்திய 321 கேலிபரை 2019-ல் மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. அதற்கு ஆன செலவு, அந்த வாட்ச்சின் விலையிலேயே தெரியும்.

கடையில் கொடுக்கும் முன்

முதலில், உங்க வாட்ச்சுக்கு உண்மையிலேயே பார்ட் வேண்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள். இருபது வருஷம் பீரோவில் கிடந்த வாட்ச்சில் எண்ணெய் காய்ந்து பசையாகிவிடும். கழற்றி, கழுவி, எண்ணெய் போட்டாலே பல வாட்ச்கள் ஓடிவிடும். 'மெஷின் போச்சு' என்று யாராவது சொன்னால் எந்த பார்ட் போச்சு என்று கேளுங்கள். பெயரோ எண்ணோ சொல்லத் தெரியாதவரிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

கொடுக்கும்போது டயல், பின்மூடி, திறந்த மெஷின் மூன்றையும் அவர் முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மெஷினில் இருந்து நல்ல பார்ட் மாறிப்போவது இந்தத் தொழிலில் தெரியாத விஷயம் இல்லை. நேர்மையான ரிப்பேர்க்காரர் போட்டோவுக்கு முகம் சுளிக்க மாட்டார். மாற்றிய பழைய பாகங்களை ஒரு சின்னக் கவரில் போட்டுத் திருப்பிக் கேளுங்கள், உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. அளவு எடுக்க அதுதான் ஆதாரம். கேஸை பாலிஷ் போடலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓரங்கள் மழுங்கிவிட்டால் திரும்பாது.

இணையத்தில் பார்ட் வாங்கும்போது தலைப்பை நம்பாதீர்கள், படத்தில் கேலிபர் எண் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் இன்னொரு படம் கேளுங்கள். 'ஓடுகிறது' என்று மட்டும் எழுதியிருந்தால் எத்தனை நேரம் ஓடுகிறது என்றும் கேட்கலாம். வெளிநாட்டில் இருந்து வாங்கினால் தபால் செலவும் கஸ்டம்ஸும் பார்ட்டின் விலையைத் தாண்டிவிடும். அதனால் ஒரு வாட்ச்சுக்கு வேண்டிய எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒரே முறையில் வாங்குவதுதான் கட்டுப்படியாகும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 1960களுக்கு முந்தைய வாட்ச்சில் முள்ளிலும் எண்களிலும் பழுப்பு நிறத்தில் தடித்த பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். இருட்டில் இப்போது ஒளிராது, அதனால் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒளிரும் வேதிப்பொருள்தான் கெட்டுப்போயிருக்கும். ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். மூடியிருக்கும் வரை பெரிய கவலை இல்லை. கண்ணாடியைக் கழற்றி அந்தப் பூச்சைச் சுரண்டினாலோ, உதிரும் தூள் மூச்சில் போனாலோ ஆபத்து. டோனர் என்று வாங்கிய வாட்ச்சுக்கும் இது பொருந்தும். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறக்காதீர்கள். ரிப்பேர்க்காரரிடம் கொடுக்கும்போது 'இதில் ரேடியம் இருக்கலாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பார்ட் வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை 'சும்மா ஓடுதான்னு பார்ப்போம்' என்று தினமும் சாவி கொடுக்க வேண்டாம். எண்ணெய் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் இன்னொரு பார்ட்டைத் தேய்க்கும்.